ஆர்க்கம் வரிசையின் நான்கு விளையாட்டுகள்: எதில் எது வலிமை, எங்கே சறுக்கல்

ஆர்க்கம் வரிசையில் வந்த நான்கு பேட்மேன் விளையாட்டுகளில் எது சிறந்தது, எதை விட்டுவிட்டாலும் நட்டமில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். இதுவரை ஒன்றைக்கூட விளையாடியதில்லை என்றும், நண்பர் ஒருவர் ஆர்க்கம் சிட்டிதான் உச்சம் என்கிறார், மற்றொருவர் ஆர்க்கம் நைட்டைப் பேட்மேனின் வண்டியான பேட்மொபைல் கெடுத்துவிட்டது என்கிறார், யாரை நம்புவது என்றும் எழுதியிருக்கிறீர்கள். இவற்றைச் சேர்த்துப் படிக்கும்போது உங்கள் கேள்வியின் அடியில் வேறொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது: ஒவ்வொரு பாகமும் முந்தையதைவிடப் பெரிதாகிக்கொண்டே போனபோது விளையாட்டு மேம்பட்டதா, அல்லது வளரும் வழியில் எதையேனும் இழந்ததா? நான் பல ஆண்டுகளாக லெவல் டிசைனராக வேலை செய்கிறேன்; ஒரு அறையில் எதிரிகளை எங்கே நிறுத்துவது, கதவை எந்தப் பக்கம் வைப்பது என்பதுதான் என் அன்றாடப் பணி என்பதால், இந்த நான்கையும் விருப்பத்துக்காகவும் தொழிலுக்காகவும் திரும்பத் திரும்ப விளையாடியிருக்கிறேன். ஆகவே என் பார்வை இடங்களின் அமைப்பின்மீதே அதிகம் சாயும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். தலையில் மாட்டி விளையாடும் வி.ஆர். விளையாட்டுகளை இதில் சேர்க்கவில்லை, ஏனெனில் அவற்றுக்கு அளவுகோலே வேறு. நீங்கள் புதிதாக விளையாடப் போகிறவர் என்பதால் கதையின் முக்கிய முடிச்சுகளையும் அவிழ்க்கப் போவதில்லை.

முதலில் ஐயத்துக்கு இடமில்லாத செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். லண்டனைச் சேர்ந்த ராக்ஸ்டெடி ஸ்டுடியோஸ் உருவாக்கியவை மூன்று: 2009 ஆகஸ்டில் வந்த ஆர்க்கம் அசைலம், 2011 அக்டோபரில் வந்த ஆர்க்கம் சிட்டி, 2015 ஜூனில் வந்த ஆர்க்கம் நைட். அவர்கள் நைட்டை உருவாக்கிக்கொண்டிருந்த இடைவெளியில், 2013 அக்டோபரில், வார்னர் நிறுவனத்தின் மான்ட்ரியல் ஸ்டுடியோ ஆர்க்கம் ஆரிஜின்ஸை வெளியிட்டது. கதைக் காலப்படி பார்த்தால் அதுவே முதலாவது. பேட்மேன் இன்னும் அனுபவம் முதிராத இளைஞராக இருக்கும் ஒரு கிறிஸ்துமஸ் முன்னிரவில் அது நடக்கிறது. அசைலத்துக்கும் சிட்டிக்கும் கதை எழுதியவர் பால் டினி. 1992இல் தொடங்கிய பேட்மேன் கார்ட்டூன் தொடரில் பங்காற்றியவர். அதே தொடரில் பேட்மேனுக்குக் குரல் தந்த கெவின் கான்ராய்தான் ராக்ஸ்டெடியின் மூன்று விளையாட்டுகளிலும் பேசுகிறார். 2022 நவம்பரில் அவர் மறைந்த பிறகு இவற்றை மீண்டும் விளையாடும்போது, அந்தக் குரலின் நிதானமே இவ்வரிசையின் பாதி பலம் என்பது எனக்கு இன்னும் உறுதியாகிறது. ஆரிஜின்ஸில் மட்டும் ரோஜர் கிரெய்க் ஸ்மித் பேட்மேனுக்கும் டிராய் பேக்கர் ஜோக்கருக்கும் குரல் கொடுத்தார்கள். இளவயதுப் பாத்திரங்களுக்கு அந்தத் தேர்வு பொருந்தியே இருக்கிறது.

நான்கிலும் சண்டையின் அடிப்படை ஒன்றே, அதைப் புரிந்துகொண்டால் மற்ற ஒப்பீடுகள் எளிதாகும். அடிக்க ஒரு பட்டன், எதிரியின் அடியைத் தடுத்துத் திருப்பித் தாக்கும் கவுன்ட்டருக்கு ஒரு பட்டன், மேலங்கியை வீசித் திகைக்கவைக்க ஒன்று, தாவி விலக ஒன்று. நீங்கள் எந்தத் திசையில் கன்ட்ரோலரின் குச்சியைத் தள்ளுகிறீர்களோ அந்தத் திசையில் இருப்பவன்மீது பேட்மேன் பாய்வார். எவன் அடிக்க வருகிறானோ அவன் தலைக்கு மேல் எச்சரிக்கைக் கோடுகள் மின்னும். அடி விழுவதற்கு முன்பே பதற்றத்தில் பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்தினால் பலன் குறையும். ஒவ்வோர் அடியையும் அதனதன் கணத்தில் அழுத்தினால் தொடர் அடிகளைக் கணக்கிடும் காம்போ எண்ணிக்கை விரைந்து ஏறும். அசைலத்தில் அந்த எண்ணிக்கை 8ஐத் தொட்டதும் (மேம்படுத்திக்கொண்டால் 5) ஒருவனை ஒரே அசைவில் வீழ்த்தும் உரிமை கிடைக்கிறது. நீளமான பட்டன் வரிசைகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை; பன்னிரண்டு பேர் சூழ்ந்து நிற்கும் கூட்டத்தை ஒரே பார்வையில் படிக்கத் தெரிந்தால் போதும். இதன் செல்வாக்கு எவ்வளவு பெரியது என்பதற்கு, 2014இல் வந்த ஷேடோ ஆஃப் மோர்டோரும் 2018இல் வந்த ஸ்பைடர்மேனும் இந்தச் சண்டை முறையைத் தங்கள் போக்கில் எடுத்தாண்டதே சான்று.

இரண்டாவது தூண், பதுங்கித் தாக்கும் அறைகள். விளையாட்டின் மொழியில் இவற்றைப் பிரிடேட்டர் அறைகள் என்பார்கள். துப்பாக்கி ஏந்திய ஆறேழு பேர் ஓர் உயரமான கூடத்தில் ரோந்து வருகிறார்கள். நீங்கள் மேலே கல் பூதச் சிலைகளின்மீது அமர்ந்திருக்கிறீர்கள். தோட்டாக்களை நேரே எதிர்கொண்டால் சில நொடிகளில் சாவு. ஆகவே ஒருவனைத் தலைகீழாகத் தொங்கித் தூக்கிக்கொண்டு போய்க் கட்டிவிட்டு, மற்றவர்கள் அவனைக் கண்டு அலறும்போது வேறொரு மூலையில் காத்திருக்க வேண்டும். சுவர்களுக்கு அப்பாலும் காட்டும் டிடெக்டிவ் பார்வையில் எதிரிகளின் இதயத் துடிப்பைக்கூடக் காணலாம். ஆள் குறையக் குறைய எஞ்சியவர்கள் அஞ்சி, முதுகோடு முதுகு சேர்த்து நடக்கத் தொடங்குவார்கள், சத்தம் வந்த திசையெல்லாம் சுடுவார்கள். சண்டையில் வெல்வதை எத்தனையோ விளையாட்டுகள் தரும். எதிரியின் மனத்தில் அச்சம் படிப்படியாக ஏறுவதைக் கண்முன் காட்டி, அதை விளையாடுபவரின் கையில் கருவியாகவே தந்தது அசைலத்தின் பெரும் சாதனை என்று நான் கருதுகிறேன்.

அசைலத்தின் இன்னொரு வலிமை அதன் சிறுமை. கதை முழுவதும் ஒரே தீவில், மனநலக் காப்பகத்தின் சில கட்டடங்களுக்குள் நடக்கிறது: தீவிர சிகிச்சைப் பிரிவு, மருத்துவமனை, மாளிகை, சிறை, தாவரத் தோட்டம், அடியில் குகைகள். முதல் தடவை கடக்கும்போது எட்டாத உயரத்தில் இருந்த ஒரு காற்றுக்குழாய், பின்னால் பேட்கிளா என்ற கொக்கிக் கருவி கிடைத்ததும் திறக்கிறது. அதனால் பழைய இடங்களுக்குத் திரும்பிச் செல்வது சலிப்பாகாமல், தெரிந்த வீட்டில் புதிய அறையைக் கண்டுபிடிப்பதுபோல் இருக்கிறது. நோயாளிகளுடன் மருத்துவர்கள் நடத்திய நேர்காணல்களின் ஒலிநாடாக்கள் அங்கங்கே கிடக்கின்றன. நடந்துகொண்டே கேட்டால், ஐவி, கிராக் போன்ற வில்லன்கள் வெறும் எதிரிகளாக இல்லாமல் வரலாறு உள்ள மனிதர்களாகிறார்கள். இரவு நகர நகரப் பேட்மேனின் உடை கிழிகிறது, மேலங்கி கந்தலாகிறது. வில்லன் ஸ்கேர்குரோவின் நச்சுப்புகை உண்டாக்கும் கனவுகள் மூன்று இடங்களில் வருகின்றன. அவற்றில் ஒன்று, நீங்கள் விளையாடும் கணினியோ கன்சோலோ பழுதாகிவிட்டதோ என்று நினைக்கவைக்கும். அதற்குமேல் சொன்னால் அதன் பயன் போய்விடும். காப்பகத் தலைவரின் அலுவலகத்தில், டிடெக்டிவ் பார்வையிலும் தெரியாத ஒரு சுவரில் மூன்று முறை வெடிக்கூழ் பூசி வெடித்தால் திறக்கும் ஓர் இரகசிய அறை உண்டு. அடுத்த விளையாட்டின் வரைபடமே அங்கே மாட்டப்பட்டிருந்தது. வெளியாகிப் பல மாதங்களாகியும் யாருக்கும் தட்டுப்படாமல், கடைசியில் ராக்ஸ்டெடியே அதை வெளிப்படுத்த வேண்டியதாயிற்று. தங்கள் இடத்தை ஒவ்வொரு செங்கல்லாக அறிந்தவர்களால்தான் இப்படிச் செய்ய முடியும்.

அசைலத்தின் குறைகளும் தெளிவானவை. பாஸ் சண்டைகள், அதாவது முக்கிய எதிரி ஒருவருடனான பெரிய மோதல்கள், வறியவை: பருத்த உருவம் ஒன்று உங்களை நோக்கி ஓடிவரும், விலகிக்கொண்டு பேட்டராங் என்ற வௌவால் வடிவ எறிபடையை எறிந்து சுவரில் மோதவைக்க வேண்டும். பேன் என்ற வில்லனிடம் ஒருமுறை இதைச் செய்தால் ரசிக்கலாம். பிறகு அதே வகை அரக்கர்கள் இரண்டிரண்டாக வரும்போது புதிதாக எதுவும் இல்லை. இறுதிச் சண்டை இந்த விளையாட்டின் அறிவுக்கூர்மைக்குச் சற்றும் ஈடாகாது என்பதில், எனக்குத் தெரிந்த வரை, அதன் தீவிர ரசிகர்களுக்கே மாற்றுக் கருத்து இல்லை. டிடெக்டிவ் பார்வை சுவர்களுக்கு அப்பாலும் காட்டுவதால், நீலமும் செம்மஞ்சளுமான அந்தக் காட்சியிலேயே பலர் முழு விளையாட்டையும் முடித்துவிடுகிறார்கள். அரும்பாடுபட்டு வரைந்த சுவர்களும் வெளிச்சமும் கண்ணில் படாமலே போகின்றன. இதற்கு என்னால் தரக்கூடிய ஆலோசனை, அறைக்குள் நுழைந்ததும் ஒருமுறை பார்த்துவிட்டு அதை அணைத்துவிடுங்கள் என்பதே.

ஆர்க்கம் சிட்டி இந்தத் தீவிலிருந்து வெளியே வந்து, பேட்மேனின் நகரமான கோத்தமின் ஒரு பகுதியையே மதிலெழுப்பிச் சிறையாக்கிவிடுகிறது. இடம் ஏறத்தாழ ஐந்து மடங்கு விரிந்தது என்று அதை உருவாக்கியவர்களே சொன்னார்கள். ஆனால் அந்த விரிவு வெற்றுத் தெருக்களாக இல்லை. மேலங்கியை விரித்து மிதப்பதும், கீழ்நோக்கிப் பாய்ந்து வேகம் சேர்த்து மீண்டும் எழுவதும், கயிற்றுக் கொக்கியின் விசையைக் கூட்டும் கிராப்னல் பூஸ்டால் கூரையிலிருந்து கூரைக்கு எகிறிப் பறப்பதும் கையில் படிந்துவிட்டால், எங்கும் போகாமல் சும்மா சுற்றுவதே இன்பமாகிவிடும். அந்தப் பூஸ்ட், பயிற்சிச் சவால்களை முடித்தால்தான் கிடைக்கும். கதையை மட்டும் பின்தொடர்ந்தால் தவறவிடலாம், ஆகவே ஆரம்பத்திலேயே அதைப் பெற்றுக்கொள்ளுங்கள். உருக்காலை, அருங்காட்சியகம் போன்ற உள்ளிடங்கள் ஒவ்வொன்றும் ஒரு குட்டி அசைலமாகக் கட்டப்பட்டிருக்கின்றன. வெளியின் சுதந்திரமும் உள்ளின் நெருக்கமும் மாறி மாறி வருவதுதான் இதன் வெற்றி. இவ்வரிசையில் அந்தச் சமநிலை வேறெதிலும் இந்த அளவுக்கு அமையவில்லை.

சிட்டியின் சண்டையும் முன்னேறியது. இருவர் மூவர் ஒரே நேரத்தில் அடித்தால் ஒரே கவுன்ட்டரில் அனைவரையும் தடுக்கலாம். சண்டைக்கு நடுவிலேயே கருவிகளை விரைவாக வீசலாம். கேடயம் தாங்கியவன், கவசம் அணிந்தவன் என்று ஒவ்வொருவனுக்கும் ஒரு விடை உண்டு. ஆனால் இவை எல்லாவற்றையும்விட நான் உயர்வாக மதிப்பது மிஸ்டர் ஃப்ரீஸுடனான மோதலை. அங்கே நேருக்கு நேர் அடிப்பது பயனற்றது. நீங்கள் கற்ற பதுங்கல் உத்திகளைத்தான் பயன்படுத்த வேண்டும், ஆனால் ஒவ்வோர் உத்தியும் ஒரே ஒருமுறைதான் பலிக்கும். தரைக்கம்பிக்கு அடியிலிருந்து தாக்கினால், அடுத்து அவர் அந்த வழியைப் பனியால் மூடிவிடுவார்; சிலையிலிருந்து பாய்ந்தால், சிலைகளையும் உறையவைத்துவிடுவார். அதுவரை கற்ற அனைத்தையும் வரிசையாக நினைவுகூர்ந்து எழுதவேண்டிய தேர்வு அது. ஒரு பாஸ் சண்டை எப்படி அமைய வேண்டும் என்று இளம் டிசைனர்கள் கேட்கும்போது நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

அப்படியானால் சிட்டியில் குறையே இல்லையா? இரண்டு உண்டு. கதைப்படி பேட்மேனின் உடலில் நஞ்சு ஏறிக்கொண்டிருக்கிறது, நேரம் கடந்தால் பலர் உயிரிழப்பார்கள். அதே இரவில் அவர் புதிர் போடும் வில்லன் ரிட்லரின் பச்சைக் கோப்பைகளைத் தேடிக் கூரை கூரையாக அலையலாம். அசைலத்தில் 240ஆக இருந்த ரிட்லர் சவால்கள் இங்கே 400ஐத் தாண்டிவிட்டன. பல சவால்கள் தனித்தனியே மிகக் கூர்மையானவை என்பது உண்மை, ஆனால் திரும்பிய பக்கமெல்லாம் கேள்விக்குறி மின்னும்போது கதையின் அவசரம் நீர்த்துப்போகிறது. மேலும், வில்லன்கள் அதிகம். ஹியூகோ ஸ்ட்ரேஞ்ச், ஜோக்கர், பெங்குவின், டூ ஃபேஸ், ஃப்ரீஸ், ராஸ் அல் கூல் என்று ஒருவர்பின் ஒருவராக வருவதால், ஸ்ட்ரேஞ்சைப் போன்ற அருமையான பாத்திரத்துக்கு அவர் தொடக்கத்தில் எழுப்பும் எதிர்பார்ப்புக்கு ஏற்ற இடம் கிடைக்கவில்லை. முடிவுக் காட்சியைப் பற்றி நான் எதுவும் சொல்லக் கூடாது. சூப்பர்ஹீரோ விளையாட்டுகளில் அவ்வளவு துணிச்சலான முடிவு அரிது என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

ஆரிஜின்ஸை விட்டுவிடலாம் என்று பலர் சொல்வார்கள். நான் உடன்படவில்லை, ஆனால் அவர்கள் ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்பது புரிகிறது. சிட்டியின் நிலப்பரப்பே அதில் பழைய கோத்தமாகத் திரும்ப வருகிறது. அதனுடன் சேர்த்த புதிய பகுதியையும் இரண்டையும் இணைக்கும் நீண்ட பாலத்தையும் கடப்பது சலிப்பு. வெளியானபோது பிழைகள் மலிந்திருந்தன. 2014 பிப்ரவரியில், ஆட்டத்தைத் தடுக்காத பிழைகளுக்குப் பதிலாகக் கூடுதல் கதைப் பகுதியில் கவனம் செலுத்துவதாக ஸ்டுடியோ வெளிப்படையாக அறிவித்தது ரசிகர்களின் கோபத்தைக் கிளறியது. பல பேர் சேர்ந்து விளையாடும் பகுதியின் சர்வர்கள் 2016 டிசம்பரில் மூடப்பட்டுவிட்டதால் அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். சண்டையில் கிடைக்கும் மின் கையுறைகள் எல்லாக் கவசத்தையும் உடைத்துவிடுவதால், கூட்டத்தைப் படிக்க வேண்டிய தேவையே குறைகிறது. கவுன்ட்டருக்கான கணம் ராக்ஸ்டெடியின் விளையாட்டுகளைவிடச் சற்று இறுக்கமாக எனக்கு உணரப்படுகிறது. இது என் கை சொல்லும் சாட்சியம் மட்டுமே, அளந்து நிறுவப்பட்ட செய்தி அல்ல.

இவ்வளவு இருந்தும் ஆரிஜின்ஸை நான் பரிந்துரைப்பதற்குக் காரணம், பாஸ் சண்டைகளும் உறவுகளும். பேட்மேனின் தலைக்கு 5 கோடி டாலர் விலை வைக்கப்பட்டு எட்டுக் கொலையாளிகள் ஒரே இரவில் ஏவப்படுகிறார்கள். அவர்களில் டெத்ஸ்ட்ரோக்குடன் நடக்கும் மோதலில், அதுவரை கூட்டத்தைச் சமாளிக்கவே பயன்பட்ட கவுன்ட்டர், சம வல்லமை கொண்ட இருவரின் ஒற்றைக்கு ஒற்றைப் போராக மாறுகிறது. பொறுமை இழந்து அவசரப்பட்டால் அவர் உடனே தண்டிப்பார். பேட்மேனை வளர்த்த ஆல்ஃபிரட் அவரையே எதிர்த்துப் பேசும் காட்சிகளும், காவல்துறை பேட்மேனை இன்னும் நம்பாத அந்தக் காலமும், ஜோக்கருக்கும் அவருக்கும் இடையில் முதல் கண்ணி விழும் கணமும் மற்ற மூன்றிலும் இல்லாதவை. குற்றம் நடந்த இடத்தைக் கணினிக் காட்சியாக மீட்டு, முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்துத் துப்புத் துலக்கும் முறையையும் ஆரிஜின்ஸ்தான் கொண்டுவந்தது. பின்னர் நைட்டிலும் அது தொடர்ந்தது. பேட்மேன் துப்பறிவாளர் என்பதை இவ்வரிசை ஓரளவேனும் மதித்த இடம் அது.

இனி உங்கள் நண்பர் குறை சொன்ன ஆர்க்கம் நைட். கையசைவுகளின் செழுமையில் நான்கிலும் இதுவே மேல் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஃபியர் டேக்டவுன் வழியாக, கண்ணில் படாமல் நெருங்கினால் மூவரை, மேம்படுத்திக்கொண்டால் ஐவர் வரை, ஒரே பாய்ச்சலில் வீழ்த்தலாம். கீழே விழுந்த கட்டையை எடுத்து அடிக்கலாம். சில இடங்களில் நைட்விங், ராபின், கேட்வுமன் ஆகியோரில் ஒருவர் கூட நின்று சண்டையிட, நடுவிலேயே அவர்களுக்கு மாறி விளையாடலாம். எதிரிகளும் கற்றிருக்கிறார்கள். விழுந்தவர்களை எழுப்பும் மருத்துவன் இருக்கிறான். டிடெக்டிவ் பார்வையை நீண்ட நேரம் வைத்திருந்தால் உங்கள் இருப்பிடத்தைக் கண்டறியும் கருவி ஏந்தியவன் இருக்கிறான். அசைலத்திலிருந்து வந்த பழைய குறைக்கு இது நேரடியான, அழகான தீர்வு. வெளியிலிருந்து உள்ளே போக லோடிங் திரை பெரும்பாலும் இல்லை. மழையில் நனைந்த மேலங்கியும் தெருவிளக்குகள் சிதறும் ஈரச்சாலையும் இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் கண்ணை நிறுத்துகின்றன. ஸ்கேர்குரோவின் மிரட்டலால் பொதுமக்கள் வெளியேறிவிட்ட மூன்று தீவுகள் கொண்ட நகரம் என்பது, ஆளில்லாத் தெருக்களுக்குக் கதையிலேயே காரணம் தரும் நல்ல ஏற்பாடு.

பேட்மொபைல் கெடுத்துவிட்டது என்ற தீர்ப்பை நான் பாதி ஏற்கிறேன். வண்டியை ஓட்டுவது மகிழ்ச்சியான அனுபவம். கூரையிலிருந்து குதித்து, விழும்போதே அழைத்து, ஓடிவரும் வண்டிக்குள் இறங்குவதும், அதிலிருந்து வானில் எறியப்பட்டு மிதப்பதும் நகரத்தின் அளவுக்கு ஏற்ற இயக்கம். தொலைவிலிருந்து வண்டியை இயக்கி, கட்டடத்துக்குள் இருக்கும் பேட்மேனுக்கு வழி உண்டாக்கும் புதிர்கள் சிலவற்றை நான் இன்னும் வியக்கிறேன். சிக்கல், வண்டி டாங்கியாக மாறும்போது தொடங்குகிறது. பேட்மேன் கொல்ல மாட்டார் என்பதால் எதிர் டாங்கிகள் ஆளில்லா ட்ரோன்களாக ஆக்கப்பட்டன. எதிரியின் அச்சமே இவ்வரிசையின் உயிர்நாடி; ட்ரோனுக்கு அச்சம் கிடையாது. அறுபது டாங்கிகள் வந்தாலும் அவை குறிபார்க்கும் கோடுகளைத் தவிர்த்து, குறிபார்த்துச் சுடுவது என்ற ஒரே வேலைதான் மிஞ்சுகிறது. பின்புறம் பதுங்கிச் சென்று சுட வேண்டிய கோப்ரா டாங்கிகள் வழியாகப் பிரிடேட்டர் அறையின் அனுபவத்தைத் தெருக்களுக்குக் கொண்டுவர முயன்றார்கள். ஆனால் சுவரின் நிழலும் சிலையின் உயரமும் இல்லாத அந்தப் பதுங்கலில் பதற்றம் உண்டு, சூழ்ச்சி இல்லை. பாஸ் சண்டைகளாக வர வேண்டியவற்றில் சிலவும் டாங்கிச் சண்டைகளாகவே முடிந்தது பெரிய இழப்பு; ஆரிஜின்ஸில் அவ்வளவு சிறப்பாகப் போரிட்ட டெத்ஸ்ட்ரோக் இங்கே ஒரு டாங்கிக்குள் வந்து போகிறார் என்பதை எண்ணிப்பாருங்கள். ஆகவே உங்கள் நண்பர் சொல்வது அளவைப் பற்றி என்றால் அவர் சரி. வண்டியே வந்திருக்கக் கூடாது என்பது அவர் கருத்தானால் அதில் எனக்கு உடன்பாடில்லை.

நைட்டின் கதையில் பாதி மிக வலுவானது. பேட்மேனின் மனத்துக்குள்ளேயே நடக்கும் போராட்டத்தைச் சொல்லும் காட்சிகள், ஒரு விளையாட்டு ஊடகத்தால் மட்டுமே செய்யக்கூடிய விதத்தில், நீங்கள் திரும்பிப் பார்க்கும்போது அறை மாறியிருப்பதைப் போன்ற உத்திகளால் ஆனவை. மற்றொரு பாதி, முகமூடி அணிந்த அந்த நைட் யார் என்ற மர்மம். காமிக்ஸ் படித்தவர்கள் முன்கூட்டியே ஊகித்துவிடுவார்கள் என்று நினைக்கிறேன், படிக்காதவர்களுக்கோ அந்த வெளிப்பாட்டின் கனத்தைத் தாங்கும் அளவுக்கு முன்கதை போதுமானதாக இல்லை. முழு முடிவுக் காட்சியையும் காண வேண்டுமானால் ரிட்லரின் 243 சவால்களையும் முடிக்க வேண்டும் என்று வைத்ததை, இவ்வரிசையில் எனக்கு மிகவும் வருத்தமளித்த தீர்மானம் என்பேன். விரும்பித் தேடுபவருக்கு வைத்த விருந்தை, கதையின் கடைசி வரியைக் கேட்க விரும்புகிறவருக்கும் கட்டாயமாக்கியது பிழை.

இவற்றையெல்லாம் வைத்து என் தீர்ப்பைக் கேட்டால், முழுமையில் சிட்டி, வடிவ ஒழுங்கில் அசைலம், அசைவுகளின் செழுமையில் நைட், எதிராளிகளில் ஆரிஜின்ஸ் என்பேன். ஒன்றே ஒன்றுக்குத்தான் நேரம் உண்டு என்றால் சிட்டியைச் சொல்ல மாட்டேன், அசைலத்தைச் சொல்வேன். சிட்டி உங்களுக்கு ஓரளவு பழகிய கையை எதிர்பார்க்கிறது. ஃப்ரீஸின் தேர்வு இனிப்பதற்கு அதற்கு முன் பாடம் நடந்திருக்க வேண்டும். நான்கையும் விளையாடுவதானால் வெளியான வரிசையிலேயே போங்கள். கதைக் காலப்படி ஆரிஜின்ஸில் தொடங்கலாம் என்று சிலர் சொல்வது தர்க்கமாகத் தோன்றினாலும், அது சிட்டியை முடித்தவர்களுக்காகச் செய்யப்பட்ட விளையாட்டு. அதில் தொடங்கினால் பின்னர் அசைலத்தின் எளிய அசைவுகள் குறைபாடாகப் படும், அது அந்த விளையாட்டுக்கு அநீதி. அசைலத்தில் கடினமான நிலையைத் தேர்ந்தெடுத்தால் கவுன்ட்டருக்கான எச்சரிக்கைக் கோடுகள் மறைந்துவிடும். முதல் தடவை நடுத்தர நிலையே போதும். ரிட்லர் சவால்களை அசைலத்தில் முழுமையாகத் தேடுங்கள், சிட்டியில் வழியில் பட்டதை எடுங்கள், நைட்டில் சலிக்கும்வரை மட்டும்.

எந்தக் கருவியில் வாங்குவது என்பதையும் கேட்டிருந்தீர்கள். பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகியவற்றுக்கு 2016இல் வந்த ரிட்டர்ன் டு ஆர்க்கம் தொகுப்பில் அசைலமும் சிட்டியும் மட்டுமே உண்டு. பிளேஸ்டேஷன் 4க்கு ஆரிஜின்ஸ் வெளியிடப்படவே இல்லை. 2023 டிசம்பரில் நின்டெண்டோ ஸ்விட்சுக்கு வந்த மூன்று விளையாட்டுத் தொகுப்பிலும் ஆரிஜின்ஸ் இல்லை, நைட் அந்தக் கருவியில் தடுமாறியது. கணினியில் நான்கும் கிடைக்கின்றன. நைட்டின் கணினிப் பதிப்பு 2015 ஜூனில் மிக மோசமான நிலையில் வந்ததால் சில நாள்களிலேயே விற்பனை நிறுத்தப்பட்டு, அக்டோபர் இறுதியில்தான் மீண்டும் வந்தது. அந்தக் காலத்து விமர்சனங்களைப் படித்து அஞ்ச வேண்டாம், இன்றைய நடுத்தர கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கணினியில் அது சீராகவே ஓடுகிறது. உங்கள் மடிக்கணினியில் தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லையென்றால், முதலில் அசைலத்தை மட்டும் வாங்கிப் பாருங்கள். நான்கில் மிகக் குறைந்த வசதியைக் கேட்பது அதுதான். விசைப்பலகையில் விளையாட முடியும் என்றாலும், திசையைச் சட்டென்று மாற்றி அடிக்கும் இந்தச் சண்டைக்குக் கன்ட்ரோலர் ஒன்று இருந்தால் மிகவும் நல்லது.